பட்டியலில் இல்லாத புகையிலை

என் டோக்கன் பதினாலு. உள்ளே இப்போதுதான் ஒன்பது போயிருக்கிறது. ஆளுக்குப் பத்து நிமிடம் என்றாலும் இன்னும் முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதுவரை நாக்கை அந்த இடத்துக்குப் போகவிடாமல் வைத்திருக்க வேண்டும். முடியவில்லை. வேண்டாம் என்று நினைக்கும்போதே போய்விட்டது. இடது கன்னத்தின் உள்பக்கம், கடைவாய்ப் பல்லுக்குக் கொஞ்சம் முன்னால், பாலாடை ஒட்டிக்கொண்ட மாதிரி ஒரு திட்டு. டார்ச் அடித்துக் கண்ணாடியில் பார்த்தால் வெள்ளை, நாக்கால் தடவினால் சொரசொரப்பு, வலிக்கிறதா என்றால் துளிகூட இல்லை. அதுதான் டாக்டருக்குப் பிடிக்கவில்லை. சின்ன வயசுப் பெண், என் மகளைவிட நாலைந்து வயது குறைவாக இருக்கும். போன வாரம் கையுறை போட்ட விரலால் அந்த இடத்தை அழுத்திக்கொண்டே, "வலிச்சா நான் இவ்வளவு யோசிக்க மாட்டேன் சார். வலிக்காததைத்தான் கவனிக்கணும்" என்றார். நான் பிடிக்கிற பைப் மட்டும்தான் என்றால் நிறுத்திவிட்டு ஆறு வாரம் கழித்துப் பார்க்கலாமாம். கூடவே பீடி, பாக்கு, வாயில் ஒதுக்குகிற புகையிலை என்று ஏதாவது இருந்தால் சொல்லிவிட வேண்டுமாம், அப்படியானால் காத்திருக்காமல் அன்றைக்கே துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பிவிடலாமாம். "என்னென்ன புகையிலை, நாளைக்கு எத்தனை தடவை, எங்க எரிச்சல்னு எழுதிட்டு வாங்க சார்." நல்ல பிள்ளையாகத் தலையாட்டினேன். பக்கத்தில் வசந்தாமணி உட்கார்ந்திருந்தாள். இப்போதும் உட்கார்ந்திருக்கிறாள், மடியில் கைப்பை, கைப்பைக்கு மேல் என் ஃபைல். முப்பத்தெட்டு வருடமாக நான் எந்த டாக்டரிடம் போனாலும் கூடவே வந்து எல்லாவற்றையும் ஞாபகம் வைத்துக்கொள்கிற மனைவி. இன்றைக்கு மட்டும் அவள் வராமல் இருந்திருக்கலாம் என்று நினைக்கிறேன், நினைக்கும்போதே கூசுகிறது.

பட்டியல் சட்டைப் பையில் இருக்கிறது. மில்லில் முப்பத்தோரு வருடம் நூலின் தரத்துக்கு அறிக்கை எழுதிய கை, இதையும் அப்படியே எழுதிவிட்டது, கட்டம் போட்டு, வரிசை எண் கொடுத்து. ஒன்று, கறுப்பு டப்பா, லண்டன் மருமகன் கொண்டுவருவது, விறகுப் புகை வாசம். வாய்க்கு ஒன்றும் செய்யாது, தொண்டையில் எச்சில் இறங்குகிற இடத்தில் ஈர விறகு அடுப்புக்கு எதிரே உட்கார்ந்த மாதிரி கரகரப்பு, மறுநாள் காலை வரைக்கும். இரண்டு, மஞ்சள் டப்பா, வைக்கோல் நிறத்தில் இருக்கும், நாக்கு நுனியை எரிக்கும், அன்னாசிப்பழம் அளவுக்கு மீறித் தின்றதுபோல. அதன் பிறகு சூடாகக் காபி குடித்தால் உயிர் போகும். மூன்று, செர்ரிப் பழ வாசனை போட்டது, முகர்ந்தால் பேக்கரி, பிடித்தால் உதட்டின் உள்பக்கம் தோல் உரியும். நான்கு, உள்ளூர்க் கடையில் உறையில் கிடைப்பது, மேலண்ணம் வறண்டு குரல் கம்மிவிடும், போனில் பேசினால் யாரோ என்று கேட்பார்கள். நேற்று இதை வாசித்துவிட்டு, "ஏனுங்க, பரீட்சை எழுதற புள்ளையாட்ட எழுதியிருக்கறீங்க" என்று வசந்தாமணி சிரித்தாள். நானும் சிரித்தேன். எழுதினதெல்லாம் நிஜம். எரிச்சல் நிஜம், தோல் உரிந்தது நிஜம். ஆனால் ஐந்தாவதாக ஒன்று உண்டு. நாளைக்கு நான் பிடிக்கிற ஆறு பைப்பில் நாலு அதுதான். அந்த நாலையும் மற்றவற்றுக்குப் பங்கு போட்டுக் கணக்கை நேராக்கிவிட்டேன். ஐந்தாவது எங்கேயும் எரிவதில்லை. நாக்கு, உதடு, தொண்டை எதையும் அது தொந்தரவு செய்ததே இல்லை. போன வாரம் வரைக்கும் அதில் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது. வலிக்காததைத்தான் கவனிக்கணும். எழுதியிருக்கலாம், ஒரே ஒரு வரி. பேனாவைத் திறந்தேன், ஐந்து என்று போட்டேன், அப்புறம் அந்த ஐந்தைக் கீழ்க்கோடு மாதிரி இழுத்து மூடிவிட்டேன். அறுபத்தெட்டு வயது ஆள் செய்கிற வேலையா இது?

பத்து போய்விட்டது. பதினொன்றைக் கூப்பிடுகிறாள் வாசலில் டோக்கன் பார்க்கிற பெண். டோக்கன் எண்ணோடு நிறுத்தமாட்டேன் என்கிறாள், ஆதாரில் இருக்கிற முழுப்பெயரையும் சத்தமாகச் சொல்கிறாள். என் பெயரையும் இப்படித்தான் சொல்வாள். போன வாரம் சொன்னபோது எதிரே உட்கார்ந்திருந்த கிளப் ஆசாமி ஒருவர் நிமிர்ந்து பார்த்தார், நான் நாலு விநாடி எழுந்திருக்கவில்லை. கிளப்பில் நான் மிஸ்டர் முத்து. விசிட்டிங் கார்டில் ஐ. முத்து. அந்த 'ஐ' என்ன என்று யாரும் கேட்டதில்லை, அப்பா பெயராக இருக்கும் என்று விட்டிருப்பார்கள். இசக்கிமுத்து என்று எனக்குப் பெயர் தந்த இசக்கியம்மன் தென்காசிப் பக்கம் ஒரு வாய்க்கால் கரையில் இன்னும் நின்றுகொண்டுதான் இருக்கிறாள், அவள் என்ன பாவம் செய்தாள். இந்த ஊருக்கு வந்த புதிதில் வாயைத் திறந்தாலே சிரித்தார்கள், "ஏல"வையும் "வே"யையும் ஒவ்வொன்றாகக் கழற்றிப் போட்டேன். பீடியைத்தான் போட முடியவில்லை. பஞ்சு மில், தீக்குச்சியைக் கண்டாலே வேலையிலிருந்து தூக்கிவிடுவார்கள், அதனால் கொதிகலன் பக்கம் போய் மதில் ஓரம் நின்று குடிப்பேன். ஜெனரல் மேனேஜர் ஆன அன்றைக்கு முதலாளி கூப்பிட்டு, தன் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு பைப்பை எடுத்துக் கொடுத்தார். "முத்து, அந்த நாற்காலியில உக்கார்றவன் மேல பீடி வாசம் வரக்கூடாதுங்க. இதப் புடிங்க" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அன்போடு சொன்னார். எவ்வளவு நாளாக அவருக்குத் தெரியும், யாரெல்லாம் சிரித்திருப்பார்கள் என்று யோசித்தபடி, பெரிய பரிசு வாங்கினவன்போல இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

பைப்பை மெதுவாக இழுக்க வேண்டும். அது யாருக்குத் தெரிந்தது? பீடியை விட்டு விட்டு இழுத்தால் அணைந்துவிடும், விடாமல் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும், பதினாறு வயதிலிருந்து வாய்க்கு அதுதான் பழக்கம். பைப்பையும் அப்படியே இழுத்தேன். முதல் மாதம் நாக்கு வெந்துபோய் மோர்சாதம் தவிர எதுவும் இறங்கவில்லை. புகையிலை சரியில்லை என்று ஒவ்வொரு டப்பாவாக மாற்றினேன், ஒவ்வொன்றும் ஒவ்வொரு இடத்தில் எரித்தது. கிளப்பில் வால்பாறை எஸ்டேட்காரர் ஒருவர், மூன்று தலைமுறையாகப் பைப் பிடிக்கிற வீடு, என்னையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எல்லோர் முன்னாலும் கேட்டார். "என்ன முத்து, அணைஞ்சுரும்னு பயமா? இப்படி இழுக்கறீங்க, பீடியாட்ட?" மேஜையே சிரித்தது. என் சிரிப்புத்தான் எல்லோரையும்விடப் பெரிசு. பதினெட்டு வருடமாகிவிட்டது, அந்த மனிதர் செத்தும் போய்விட்டார், இன்னும் குளிக்கும்போது திடீரென்று அந்தச் சிரிப்பு ஞாபகம் வந்து தண்ணீர்ச் செம்போடு நின்றுவிடுகிறேன். சட்டை மாற்றலாம், பேச்சு மாற்றலாம், பெயரைக்கூட ஓர் எழுத்தாகச் சுருக்கிவிடலாம். இழுக்கிற இழுப்பு காட்டிக்கொடுத்துவிடுகிறது. ஊர் பேசுகிற பேச்சைக் கேட்டாலே தெரியுமே. அவர் பைப் பிடிக்கிறார், இவன் பீடி குடிக்கிறான்.

அக்காவிடம் கேட்டிருக்கக் கூடாது. பேச்சியம்மாள் என் ஒரே அக்கா, என்னைவிட ஆறு வயது பெரியவள், பன்னிரண்டு வயதில் மடியில் சுளகை வைத்துப் பீடி சுற்ற உட்கார்ந்தவள் இன்னும் எழுந்திருக்கவில்லை. நான் படித்த படிப்பெல்லாம் அவள் விரல்தான். ஒரு காலத்தில் நாளைக்கு ஆயிரம் சுற்றுவாள், இப்போது விரல் மடங்காமல் முந்நூறு. ரிட்டையர் ஆன வருடம் ஊருக்குப் போனபோது ஒன்றைப் பற்றவைத்துக் கொடுத்தாள். ஒரே இழுப்பு. அத்தனை வருட எரிச்சலும் அடங்கின மாதிரி இருந்தது. வாய்க்கு வீடு திரும்பின நிம்மதி. "அனுப்பி வையேன்க்கா" என்றேன். அன்றிலிருந்து இரண்டு மாதத்துக்கு ஒரு தரம் பார்சலில் கருப்பட்டி வரும், கருப்பட்டிக்கு அடியில் துணியில் பொதிந்து பீடிக்கட்டு இருக்கும். தூளாகக் கேட்கவும் முடியாது, கம்பெனி தருகிற தூள் நிறுத்துத் தருவது, பீடியாகத்தான் திரும்பிப் போக வேண்டும். ஆகவே கணக்குக்கு மேல் தேறுவதை அவள் சுற்றி அனுப்புவாள். நான் பிரிப்பேன். மத்தியானம் வசந்தாமணி கண்ணயர்ந்ததும் ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து பிளேடால் நூலை அறுத்து, இலையை விரித்து, தூளைத் தட்டி மஞ்சள் டப்பாவில் சேர்த்துவைப்பேன். தூள் வாய்க்குள் வராமல் இருக்கப் பைப்பின் அடியில் கொஞ்சம் செர்ரி, நடுவில் இது, மேலே மறுபடி செர்ரி, வாசத்துக்கு. "இந்தப் பொகை மட்டும் நல்லா மணக்குதுங்க" என்பாள் வசந்தாமணி. அக்கா போனில் கேட்பாள். "ஏல தம்பி, எப்டி இருக்கு? பீடி வாய் நல்லா மடங்கியிருக்கால? நீ குடிக்கதுக்குன்னு பாத்துப் பாத்துச் சுத்துனேன்." நல்லாருக்குக்கா, ரொம்ப நல்லாருக்கு என்பேன். அவள் அனுப்பினதில் ஒன்றைக்கூட நான் பீடியாகக் குடித்ததில்லை. மடங்காத விரலால் மடித்ததை உட்கார்ந்து உட்கார்ந்து பிரித்துப் போட்டிருக்கிறேன், எட்டு வருடமாக. இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

பன்னிரண்டு வெளியே வருகிறது, தொண்டையில் பிளாஸ்திரி ஒட்டின பெரியவர். பதிமூன்று போகிறது. அடுத்தது நான். இலையை எங்கே போடுவேன் என்று நினைக்க வேண்டாம் என்றுதான் இவ்வளவு நேரம் வேறு எதையெல்லாமோ நினைத்துக்கொண்டிருந்தேன். தோட்டத்தில், குரோட்டன்ஸ் தொட்டிகளுக்குப் பின்னால், மண்ணைக் கிளறிப் போட்டு மூடுவேன். போன ஆடிக் காற்றில் மண் பறந்து அத்தனையும் மேலே வந்துவிட்டது. வசந்தாமணி கை நிறைய அள்ளிக்கொண்டு வந்து மாறப்பனைக் கூப்பிட்டாள். மாறப்பன் எங்கள் தோட்டக்காரன், பதினோரு வருடம், ஒரு நாள் லீவு சொன்னதில்லை. "பீடி குடிச்சா குடிச்சேன்னு சொல்லிட்டுப் போ மாறப்பா. தொட்டிக்குப் பின்னால எதுக்கு ஒளிச்சு வெக்கறே?" என்றாள். அவன், "நான் பீடி குடிக்கறதில்லீங்கம்மா" என்றான். அவளுக்குப் பீடி பெரிசில்லை, பொய்தான் பெரிசு. அவன் கொஞ்சம் குனிந்து ஓர் இலையை எடுத்தான், திருப்பிப் பார்த்தான். எரியாத இலை. முழு இலை, நூல்கூட அறுபட்டபடி ஒட்டிக்கொண்டிருக்கிறது. பீடி குடிக்கிறவன் எவனாவது எரியாத இலையைப் போடுவானா? வசந்தாமணிக்கு அது தெரியாது, அவளுக்குப் பீடியைக் கையில் எடுத்தே பழக்கமில்லை. அவனுக்குத் தெரிந்துவிட்டது. நிமிர்ந்து என் வாயில் இருந்த பைப்பைப் பார்த்தான், அப்புறம் என்னைப் பார்த்தான். "அய்யாவுக்கே தெரியுமுங்களே, நான் குடிக்கறதில்லைன்னு" என்றான். அவ்வளவுதான் சொன்னான். நீங்கதானே என்று கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. எனக்கு ஒரு சந்து விட்டுக்கொடுத்தான், அதன் வழியாக நான் மரியாதையாக வெளியே வந்திருக்கலாம். நான் பைப்பை எடுக்காமலே சொன்னேன், "அம்மா சொல்றதக் கேளு மாறப்பா." அந்த நேரம் பைப்பில் எரிந்துகொண்டிருந்தது அந்த இலையிலிருந்து உதிர்த்த தூள். சாயந்தரம் கடைசி முறையாக மண்வெட்டியைக் கழுவிச் சுவரில் சாத்தி வைத்துவிட்டுப் போனான். ஓஸ் பைப்பைக்கூட ஒழுங்காகச் சுருட்டி வைத்திருந்தான். இதைச் சொன்னால் அதைச் சொன்னமாதிரி. டாக்டரிடம் பீடி என்று வாயெடுத்தால் பக்கத்திலேயே வசந்தாமணி, அவள் முட்டாள் இல்லை, அடுத்த விநாடி தொட்டியும் இலையும் மாறப்பனும் வரிசையாக வந்து நிற்பார்கள். சொல்லாவிட்டால் ஆறு வாரம். ஆறு வாரத்தில் என்ன ஆகிவிடும்? ஆகலாம், ஆகாமலும் போகலாம். புண் கன்னத்தைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்த ஒருவரை மில்லில் பார்த்திருக்கிறேன், துண்டால் மூடிக்கொண்டு சம்பளம் வாங்க வருவார். சாவைக்கூட ஒருவிதமாகச் சமாளித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது, இவள் ஒரு பார்வை பார்ப்பாளே, அதைத்தான் நினைக்க முடியவில்லை. இப்படி நினைக்கிற ஆளை என்னவென்று சொல்வது?

"டோக்கன் பதினாலு, இசக்கிமுத்து!" ஒரு ஹால் முழுக்கக் கேட்கிறது. எழுந்திருக்கிறேன், வசந்தாமணி முன்னால் போய்க் கதவைத் தள்ளிப் பிடிக்கிறாள். உள்ளே ஏசிக் குளிர், டெட்டால் வாசம். டாக்டர் பட்டியலை வாங்கி, "அடேயப்பா, எவ்வளவு நீட்டா எழுதியிருக்கீங்க சார்" என்கிறார். வெட்கம் காதுவரைக்கும் ஏறுகிறது. ஒவ்வொன்றாகப் படித்து முடித்து, "வேற? பீடி, பாக்கு ஏதாவது?" என்று கேட்கிறார். நான் மூச்சை எடுப்பதற்குள் வசந்தாமணி முந்திக்கொள்கிறாள். "பீடியெல்லாம் இல்லீங்க டாக்டர். எங்க ஊட்டுல பீடிக்கே எடமில்லீங்க. தோட்டக்காரர் ஒளிச்சு ஒளிச்சுக் குடிச்சாருன்னு பதினோரு வருச ஆளையே நிறுத்திப் போட்டமுங்க." என்னைப் பற்றிப் பெருமையாகத்தான் சொல்கிறாள். டாக்டர் தலையசைத்து, "நல்லது. அப்ப ஆறு வாரம் பார்க்கலாம். ஒரு தடவை வாயைத் திறங்க" என்று ஒரு துணியால் என் நாக்கைப் பிடித்து ஒதுக்குகிறார். வெளிச்சம் உள்ளே இறங்குகிறது. இந்த நேரம் பார்த்து எனக்குச் சொல்ல வேண்டும்போல இருக்கிறது. நாக்கு அவர் கையில். சொல்ல முடியாது என்று தெரிந்ததும் எவ்வளவு தைரியம் வருகிறது பாருங்கள், எல்லாவற்றையும் உள்ளே வரிசையாகச் சொல்லிவிடுகிறேன், கொதிகலன் மதில், எஸ்டேட்காரர், பிளேடு, அக்கா விரல், மண்வெட்டி. ஆ ஆ என்று மட்டும் வருகிறது. "வலிக்குதா?" என்கிறார். இல்லை என்று தலையை ஆட்டுகிறேன். எங்கே வலிக்கிறது என்று இவருக்கு எப்படிச் சொல்ல? துணியை எடுத்துவிட்டார். பேனாவைத் திறந்து சீட்டில் தேதி எழுதப் போகிறார், ஆறு வாரம் கழித்து ஒரு தேதி.

"அஞ்சாவதா ஒண்ணு இருக்கும்மா" என்கிறேன். யார் குரல் இது? முப்பது வருடமாக இந்த ஊரில் நான் பேசாத குரல். "பீடித்தூளு. பைப்புக்குள்ள போட்டுக் குடிக்கேன். நாளைக்கு நாலு மட்டம், எட்டு வருசமா. எங்க அக்கா சுத்தி அனுப்புவா." டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். திட்டவில்லை. "அப்ப காத்திருக்க வேண்டாம் சார், இன்னிக்கே எடுத்துடலாம்" என்று நர்சைக் கூப்பிட்டார். வசந்தாமணி பக்கம் நான் திரும்பவில்லை. கைப்பையின் ஜிப்பை அவள் இழுப்பதும் மூடுவதும் கேட்டது. உங்களுக்கு ஏதாவது ஆகிவிடுமா, எட்டு வருடமாகவா, என்னிடமா என்றெல்லாம் கேட்பாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது ஒன்றுதான்.

"அப்ப மாறப்பன்?"

நர்ஸ் ஊசியோடு வந்துவிட்டாள். "மரத்துப்போறதுக்கு சார். அரை மணி நேரம் பேச வராது" என்றார் டாக்டர். அதைக் கேட்டதும் எனக்கு வந்தது நிம்மதி. ஆமாம், நிம்மதிதான், வாயைத் திறந்தால் போதும், அரை மணி நேரம் யாரும் என்னிடம் எதுவும் கேட்க முடியாது. என் வாழ்க்கையில் நான் பட்ட வெட்கத்தையெல்லாம் ஒன்றாகச் சேர்த்தாலும் அந்த நிம்மதிக்காகப் பட்ட வெட்கத்துக்கு ஈடாகாது. கையைத் தூக்கி ஊசியைத் தடுத்தேன். திரும்பினேன். "அது என் குப்பை, வசந்தா. அவன் குடிக்கறதில்ல. அன்னிக்கு அந்த எலையப் பாத்ததுமே அவனுக்குத் தெரிஞ்சுபோச்சு, நான்தான்னு. ஆனா சொல்லல." அவள் அழவில்லை, கத்தவும் இல்லை. அன்றைக்கு மாறப்பன் பார்த்தானே, கிட்டத்தட்ட அப்படியே பார்த்தாள். "அவரு ஊடு எங்கீன்னாச்சும் தெரியுமுங்களா உங்களுக்கு?" என்றாள். பதினோரு வருடம் காலையில் ஏழு மணிக்கு வந்து கேட்டைத் திறப்பான். எங்கிருந்து வந்தான்? கிழக்கே இருந்தா, மேற்கே இருந்தா, சைக்கிளிலா, நடந்தா? நாக்கு இன்னும் மரக்கவில்லை, வாய் என்னுடையதாகத்தான் இருந்தது, அப்படியும் தெரியாது என்று தலையை மட்டும் ஆட்டினேன். அவள் பட்டியலை டாக்டர் மேஜையிலிருந்து எடுத்து, நான் இழுத்து மூடின அந்த ஐந்தைப் பார்த்துவிட்டு, மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

"நீங்க ஊசியப் போடுங்க டாக்டர்" என்றாள். "நான் போயி அவரு ஊட்ட விசாரிச்சிட்டு வர்றனுங்க." கதவு அவளுக்குப் பின்னால் தானாக மூடிக்கொண்டது. முப்பத்தெட்டு வருடத்தில் முதல் தடவையாக டாக்டர் அறையில் நான் தனியாக உட்கார்ந்திருந்தேன். "சார்" என்றார் டாக்டர். வாயைத் திறந்தேன்.